கண்களுக்கும் உரிமை உண்டு



இஷா தொழுது இல்லம் திரும்புகிறோம், விளக்குகளை அணைக்கிறோம். ஆனால் பிள்ளையின் போர்வைக்குள் செல்போனின் வெளிச்சம் நள்ளிரவு தாண்டியும் அணைவதில்லை. பஜ்ருக்கு எழுப்பினால் எரிச்சல், வகுப்பில் உறக்கம், வீட்டாரிடம் பேச்சே இல்லை.

13 முதல் 18 வயது வரையுள்ளோருக்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்பது மருத்துவர்களின் அறிவுரை. கட்டுப்பாட்டை மீறிய மின்னணு விளையாட்டுப் பழக்கத்தை உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு நோய்ப் பட்டியலில் சேர்த்தது. இஷாவுக்குப் பின் வீண்பேச்சில் ஈடுபடுவதை நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்பதை நாம் அறிவோம்.

இளைஞரான அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) பகலெல்லாம் நோன்பு நோற்று, இரவெல்லாம் நின்று தொழுதார்கள். செய்தியறிந்த நபியவர்கள், உடலுக்கும் கண்களுக்கும் மனைவிக்கும் உரிமைகள் உண்டு என்று அவர்களுக்கு உணர்த்தினார்கள். இது புகாரீயில் பதிவாகியுள்ளது. வணக்கத்திற்கே எல்லை வகுத்த மார்க்கம், பொழுதுபோக்கை எல்லையின்றி விட்டுவிடுமா?

நபியவர்கள் அதைச் சொன்ன முறையையும் கவனியுங்கள்! கடிந்து விரட்டவில்லை. கேள்விப்பட்டது உண்மைதானா என்று அவரிடமே கேட்டார்கள், காரணத்தை விளக்கினார்கள். மாதம் மூன்று நோன்பு போதும் என்றார்கள். அவர் கூடுதலாகக் கேட்கக் கேட்க, ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது வரை இணங்கினார்கள். அதற்கு மேல் அனுமதிக்கவில்லை. கனிவும் இருந்தது; எல்லையும் இருந்தது.

மகனின் செல்போனை ஆத்திரத்தில் உடைத்துவிட்ட தந்தை ஒருவர் என்னிடம் வந்தார். "இப்போது அவன் என்னோடு பேசுவதே இல்லை, ஹஜ்ரத்!" என்று கலங்கினார். "அதற்கு முன் எப்போது அமர்ந்து பேசினீர்கள்?" என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. அவருடைய கையிலும் ஒரு செல்போன் இருந்தது.

பெற்றோர்களே! இன்றிரவே தொடங்குங்கள். இஷாவுக்குப் பின் வீட்டிலுள்ள எல்லோருடைய செல்போனும், முதலில் உங்களுடையது, கூடத்தில் ஓரிடத்தில் இருக்கட்டும். பிள்ளைகளோடு ஒன்றாக உண்ணுங்கள். பாடத்திற்கு எவ்வளவு நேரம், விளையாட்டிற்கு எவ்வளவு நேரம் என்பதை அவர்களோடு கலந்து பேசி முடிவு செய்யுங்கள். உணவும் உறக்கமும் துறந்து, வாழ்க்கையே வெறுத்ததாகப் பிள்ளை பேசினால் ஊர் பேசுமே என்று மறைக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நோய்க்கு மருந்து தேடுவதும் நபிவழியே.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். வல்ல அல்லாஹ் அவர்களை நமக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.