அரங்கத்து மணலும் அடிமடையும்

நீச்சற்குளம் கட்ட விரும்புவோர் நீளம், அகலம், ஓட்டின் நிறம் ஆகியவற்றை நாள்கணக்கில் பேசுவர். குளத்தரையின் ஆழமான இடத்தில் நீரை உறிஞ்சும் அடிமடை ஒன்று வேண்டுமா என்பதை எவரும் கேட்பதில்லை. வரைபடத்தில் அது ஒரு சிறு வட்டமாக இடம்பெறும், அவ்வளவே. திருச்சிராப்பள்ளியில் அக்கேள்விக்கு ஒரே விடை கிடையாது. மலைக்கோட்டைப் பாறையும் பொன்மலையும் எழுந்து நிற்கும் தென்கரை ஒருவகை நிலம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே மணல் படிந்து உருவான திருவரங்கத் தீவு வேறொரு நிலம். குளத்துக்குள் நிற்கும் நீரைவிடக் குளத்துக்குக் கீழே நிற்கும் நீரே இவ்விடத்தில் முடிவு சொல்லவேண்டும் என்பது என் துணிபு.

நீர்நிலையின் அடியில் வாய் வைப்பது தமிழ்நிலத்துக்குப் புதிதன்று. திருச்சி, புதுக்கோட்டை வட்டார ஏரிகளில், கரையிலிருந்து சற்று உள்ளே இரண்டு கல்தூண்கள் நிற்பதை இன்றும் காணலாம். அவற்றின் அடியில் இருப்பது குமிழித் தூம்பு. ஏரியின் தரைமட்டத்தில் கற்பலகைகளால் மூடிய ஒரு தொட்டி. அதன் மேற்பலகையில் நீரோடித் துளை. பக்கவாட்டில் தரையை ஒட்டிச் சிறிய சேறோடித் துளைகள். தூண்களுக்கு நடுவே இறங்கும் தண்டின் முனையிலுள்ள அடைப்பு நீரோடியை மூடியிருக்கும். அதைத் தூக்கினால் நீர் தொட்டிக்குள் பாய்ந்து, கரைக்கு அடியில் செல்லும் சுருங்கை வழியே வயலை அடையும். அந்த ஓட்டம் இழுக்க, சேறோடி வழியே வண்டலும் உடன் வெளியேறும். தெளிநீருக்கு ஒரு வாய், சேற்றுக்கு வேறு வாய் எனப் பிரித்துவைத்த அந்த அறிவை எத்தனை முறை போற்றினாலும் தகும்.

ஆயினும் சேறோடி தன்னைச் சூழ்ந்த சேற்றைத்தான் இழுத்தது. ஏரி முழுவதையும் அது தூர்வாரவில்லை. அப்பணிக்கு மண்வெட்டியும் ஊராரின் கைகளும் வேண்டியிருந்தன. நீச்சற்குளத்து அடிமடைக்கும் இதே எல்லை உண்டு.

10 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் 1.5 மீட்டர் ஆழமும் கொண்ட குளமொன்றைக் கொள்வோம். அதில் 75,000 லிட்டர் நீர் பிடிக்கும். மணிக்கு 15,000 லிட்டர் இழுக்கும் மோட்டார் ஐந்து மணி நேரத்தில் அந்த அளவு நீரை வடிகட்டிக்குள் செலுத்திவிடும். அவ்வளவு நீரையும் அடிமடை ஒன்றே இழுப்பதாக வைத்துக்கொண்டாலும், மடையிலிருந்து 10 சென்டிமீட்டர் தொலைவில் நீரோட்டத்தின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 6.6 சென்டிமீட்டர். ஒரு மீட்டர் தொலைவிலோ அது நொடிக்கு ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. எல்லாத் திசைகளிலிருந்தும் நீர் வந்து கூடுவதால், தொலைவு இரு மடங்கானால் வேகம் நான்கில் ஒன்றாகிவிடுகிறது. சித்திரைக் காற்று கொண்டுவந்து கொட்டும் புழுதி அந்த வேகத்துக்கு அசைந்து கொடுக்காது.

உள்ளே வரும் நீரின் கதை வேறு. சுவரிலுள்ள குறுகிய வாயிலிருந்து பீறிடும் நீர், தன் திசையை விடாமல் பல மீட்டர் ஓடும்; வழியிலுள்ள நீரையும் இழுத்துச் செல்லும். ஆகவே குளத்து நீரைக் கலக்குவது பெரும்பாலும் உட்பாய்ச்சும் வாய்களே. அவற்றில் சிலவற்றைத் தரைநோக்கித் திருப்பிவைத்து, நீர்மட்டத்தில் சருகையும் எண்ணெய்ப் படலத்தையும் வாங்கிக்கொள்ளும் ஸ்கிம்மர்களைச் சரியான இடங்களில் அமைத்தால், அடிமடை இன்றியே நல்ல சுழற்சி கிடைக்கும். தரையில் தங்கும் மண்ணை உறிஞ்சுகுழாய் கொண்டு ஓர் ஆள் துடைத்தெடுக்கத்தான் வேண்டும். அடிமடை இருந்தாலும் அந்த வேலை குறையாது. குளிர்நாடுகளில் சூடேற்றிய நீர் மேலேயே தங்காதிருக்க அடியிலிருந்து இழுப்பது பயன்தரும். வெயிலே நீரைக் காய்ச்சும் திருச்சியில் அத்தேவை இல்லை.

இனி அடிமடையின் தீங்கைப் பேசவேண்டும். பிள்ளைகள் இறங்கும் குளத்தில் இதைவிடப் பெரிய பேச்சு வேறில்லை. 20 சென்டிமீட்டர் சதுர வாய் ஒன்றை ஒரு குழந்தையின் உடல் முற்றிலும் அடைத்துக்கொண்டது என்க. மோட்டார் நிற்காமல் இழுக்கும். குழாய்க்குள் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் பாதியளவு குறைந்தாலே, அவ்வுடலை ஏறத்தாழ 200 கிலோ எடைக்கு ஒப்பான விசை தரையோடு அழுத்தும். 2002இல் அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவுச் செயலர் ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி, வெந்நீர்த் தொட்டி ஒன்றின் அடிமடையில் இவ்வாறு சிக்கி உயிரிழந்தாள். தாயின் வலு அவளை மீட்கப் போதவில்லை. இருவர் சேர்ந்து இழுத்தபோது மடையின் மூடி உடைந்த பிறகே உடல் விடுபட்டது. அச்சிறுமியின் பெயரைத் தாங்கிய சட்டம் 2007இல் அங்கு நிறைவேறியது.

அதனால், ஒற்றை அடிமடையை மோட்டாரோடு நேராக இணைக்கும் அமைப்பை எந்தக் குளத்திலும் ஏற்கலாகாது. வைத்தே தீரவேண்டுமெனில், ஏறத்தாழ 90 சென்டிமீட்டருக்குக் குறையாத இடைவெளியில் இரண்டு மடைகளை ஒரே குழாயில் சேர்க்கவேண்டும். ஒன்று அடைபட்டால் மற்றது நீர் தரும். மூடிகள் உடலோடு ஒட்டாதபடி குவிந்த வடிவில் இருக்கவேண்டும். திருகாணி ஒன்று கழன்றாலும் அன்று குளத்தைப் பூட்டிவிடவேண்டும். இதனினும் மேலான வழி, மடைநீர் தன் எடையாலேயே ஒரு சமநிலைத் தொட்டிக்கு வடிந்து, மோட்டார் அத்தொட்டியிலிருந்து மட்டும் இழுப்பது.

இதுவரை சொன்னவற்றால் அடிமடை தேவையற்றது என்றே தோன்றும். பொறியாளர் ஒருவர் தென்கரையின் மேட்டுநிலத்தில் அவ்வாறு முடிவுசெய்தால் நான் மறுக்கமாட்டேன். திருவரங்கத்துக்குள் நுழைந்ததும் கணக்கு மாறுகிறது.

முக்கொம்பில் பிரியும் இரு ஆறுகளுக்கு நடுவே கிடக்கும் இத்தீவு, நீர் தடையின்றி ஊறும் ஆற்றுமணல். காவிரி கரைபுரளும் நாளில் ஆற்றுமட்டத்தோடு நிலத்தடி நீரும் ஏறும். அந்நாளில் யாரோ ஒருவர் குளத்தைக் கழுவவேண்டும் என்று நீரை முழுதும் இறைத்துவிட்டால் என்னாகும்? நாம் எடுத்துக்கொண்ட குளத்தின் தரையும் சுவரும் 15 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் எனில், மொத்த எடை ஏறத்தாழ 34 டன். வெளியே நிலத்தடி நீர் குளத்தரைக்கு ஒரு மீட்டர் மேலே நின்றால், அது குளத்தை மேல்நோக்கித் தள்ளும் விசை 50 டன்னைத் தாண்டும். ஆர்க்கிமிடீசு கண்ட விதிக்கு விலக்கில்லை: குளம் தோணிபோல் மிதந்தெழும். குழாய்கள் முறியும், தரை வெடிக்கும், ஓடுகள் பெயரும்.

இங்கேதான் அடியில் ஒரு வாய் வேண்டும். நீரை வெளியே இழுக்க அன்று, வெளிநீரை உள்ளே விட. குளத்தரைக்குக் கீழே சரளைக்கல் படுகை பரப்பி, அதில் துளைக்குழாய் பதித்து, அதன் தலையில் வில்விசை கொண்ட அழுத்தநீக்கி வால்வு ஒன்றைப் பொருத்துவர். வெளியழுத்தம் உள்ளழுத்தத்தை மிஞ்சினால் அது தானே திறக்கும். நிலத்தடி நீர் குளத்துக்குள் ஏறி இருபுறமும் ஒப்பாகும். வழக்கமாக இவ்வால்வை அடிமடையின் குழிக்குள்ளேயே வைப்பர். உறிஞ்சும் குழாய் இல்லாத தனிக்குழியில் வைப்பதே எனக்கு உடன்பாடு. அப்போது குழந்தையைப் பற்றும் வாய் குளத்தரையில் எங்கும் இராது. கோயில் குளங்களில் இச்சிக்கல் பெரும்பாலும் எழவில்லை. மண்தரை வழியே ஊற்றுநீர் தடையின்றி ஏறி இறங்கும் குளத்தை எது தூக்கமுடியும்?

தென்கரையினர் பாறையை நம்பி அயர்ந்துவிடவும் கூடாது. பாறையை வெட்டிய குழியில் குளத்தை இறக்கி, சுற்றிலும் மண் நிரப்பினால், அந்த இடைவெளி ஐப்பசி மழையை வாங்கித் தேக்கிவைக்கும்; வடிய வழியில்லை. சரிவு இருக்குமிடத்தில் குழியின் அடியிலிருந்து ஒரு வடிகுழாயைப் பள்ளம்நோக்கிக் கொண்டுபோனால் போதும். சமநிலமாயின் அங்கும் வால்வு வேண்டும்.

இரு கரையிலும் நான் வற்புறுத்துவது பெரிய செலவில்லாத ஒன்று. குளத்தோரம் சரளைப் படுகைவரை இறங்கும் நான்கு அங்குலப் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை, மூடியோடு நிறுத்திவையுங்கள். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினால் கயிறு நனைந்த இடம் நிலத்தடி நீரின் மட்டத்தைக் காட்டும். அம்மட்டம் குளத்தரைக்கு மேலே இருக்கும்வரை குளத்தைக் காலிசெய்யாதீர்கள். திருவரங்கத்தில் அவ்வேலைக்கு உரிய காலம், காவிரியில் மணல் தெரியும் பங்குனியும் சித்திரையும்.