டிஷ்ஷில் வருவதைக் கணினியில் சேர்த்து வைப்பது எப்படி?

மும்பையில் லோக்கல் ரயிலைப் பிடித்து ஓடுகிற நம்மைப் போன்றவர்களுக்கு, தமிழ் நிகழ்ச்சி எந்நேரத்தில் வருகிறது என்பதே பெரிய சங்கடம். அது வரும்போது நாம் தாதர் ஸ்டேஷனில் நிற்போம். எங்கள் அம்மா இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். கட்டண டி.டி.எச். பாக்ஸிலேயே பதிவு வசதி இருந்தது. பேத்தி பாட்டு கற்றுக்கொள்கிறாளே என்று, இரண்டு வருஷக் கச்சேரிகளை அதில் சேர்த்தார். 2016-இல் பாக்ஸ் பழுதாகி, புதியது வந்தது. பழைய பதிவு எதுவும் அதில் ஓடவில்லை. “பாக்ஸ் போனா பாட்டும் போயிடுமாடா?” என்றார் அம்மா. போய்விடும் என்பதுதான் பதில். கட்டணச் சேவையின் பதிவுகள் பூட்டுப் போட்டவை. சாவி அந்தப் பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது.

பூட்டு இல்லாத ஒளிபரப்பும் உண்டு. 2004 டிசம்பரில் ‘டி.டி. டைரக்ட் பிளஸ்’ என்று தூர்தர்ஷன் தொடங்கியதுதான் இன்றைய ‘டி.டி. ஃப்ரீ டிஷ்’. மாதச் சந்தா கிடையாது. நம் பழைய பொதிகை (2024 ஜனவரியிலிருந்து டி.டி. தமிழ்) இதில் கிடைக்கிறது. இதைக் கணினியில் பதியலாம். பதிந்த கோப்பு எந்தக் கணினியிலும் ஓடும்.

இதற்குப் பெரிய கணினி வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டாம். முன்பு கேபிளில் அனலாக் படம் வந்த காலத்தில், அதை எண்களாக மாற்றிச் சுருக்கும் வேலையைக் கணினிதான் செய்தது; மூச்சு வாங்கியது. செயற்கைக்கோளிலிருந்து இறங்கும் படமோ, நிலையத்திலேயே சுருக்கப்பட்ட டிஜிட்டல் ஓடை. நாம் செய்வது குழாயில் வரும் தண்ணீரைக் குடத்தில் பிடிப்பதுதான். மூலையில் கிடக்கும் பழைய கணினி போதும். வினாடிக்கு 4 மெகாபிட் வரும் சேனல் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜிகாபைட், ஒரு டெராபைட் டிஸ்க்கில் 550 மணி நேரம் பிடிக்கும்.

வாங்க வேண்டியது ஒரு டியூனர் கார்டு. டி.வி.பி.-எஸ்2 வகையாகப் பாருங்கள், பழைய எஸ் வகையையும் அது படிக்கும். கணினிக்குள் செருகுவதும் உண்டு, யூ.எஸ்.பி.யில் மாட்டுவதும் உண்டு. லினக்ஸில் அதற்கு டிரைவர் இருக்கிறதா என்று விசாரித்த பிறகே காசைக் கொடுங்கள். நான் விசாரிக்காமல் வாங்கிய முதல் கார்டு இன்னும் அலமாரியில் தூங்குகிறது.

உண்மையான பாடு மொட்டைமாடியில்தான். ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15, கிழக்கு தீர்க்கரேகை 93.5 பாகையில், பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. மும்பையிலிருந்து அது தென்கிழக்கே, ஏறக்குறைய 58 பாகை உயரத்தில். டில்லிக்காரர்கள் இன்னும் சற்றுத் தெற்கே திருப்ப வேண்டும். கல்கத்தாவில் கிட்டத்தட்ட நேர் தெற்கு. 60 சென்டிமீட்டர் டிஷ் போதும். அது அவ்வளவு அண்ணாந்து பார்க்காமல் நிமிர்ந்தே நிற்கும். வடிவம் அப்படி, பயப்படாதீர்கள். மேற்குப் பார்த்த பால்கனி மட்டும் இருப்பவர்கள் சொசைட்டி செக்ரட்டரியிடம் மாடிக்கு அனுமதி வாங்காமல் தீராது.

டிஷ்ஷின் மூக்கில் இருக்கும் எல்.என்.பி., வந்த அலையிலிருந்து 9,750 மெகாஹெர்ட்ஸைக் கழித்துக் கேபிளில் இறக்கும். 11,090-இல் வருவது 1,340 ஆகிவிடும். மென்பொருள் ‘எல்.என்.பி. எது’ என்று கேட்பது இந்தக் கணக்குக்காகத்தான். அங்கே ‘யூனிவர்சல்’ என்று சொல்லுங்கள்.

மென்பொருள் இலவசம். 2002-இல் தொடங்கிய மித் டி.வி. உண்டு, எனக்குப் பிடித்தது டிவிஹெட்எண்ட். அலைவரிசையைக் கொடுத்துத் தேடவிட்டால் சேனல்களைப் பட்டியலிடும். ஒரே அலைவரிசையில் பல சேனல்கள் சேர்ந்து வருவதால், ஒரு டியூனரே அவற்றை எல்லாம் ஒரே சமயத்தில் பதியும். வேறு அலைவரிசையும் அதே நேரத்தில் வேண்டுமென்றால் இரண்டாவது டியூனரும் இரட்டை வாய் எல்.என்.பி.யும் தேவை.

நேரம் குறிக்கும்போது முன்னே ஐந்து, பின்னே பதினைந்து நிமிஷம் கூட்டிக்கொள்ளுங்கள். நான் கூட்டாததால் முதல் கச்சேரி மங்களத்துக்கு முன்பே நின்றுவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய்விட்டார். மின்வெட்டுக்குச் சின்ன யூ.பி.எஸ். வையுங்கள். ஜூலை மழைக்கு மட்டும் மருந்து இல்லை. கொட்டும்போது சிக்னல் கரைந்து படம் கட்டம் கட்டமாக உடையும். சற்றுப் பெரிய டிஷ் கொஞ்சம் தாங்கும்.

பதிவு சொந்த உபயோகத்துக்கே. விற்பதோ இணையத்தில் ஏற்றுவதோ கூடாது.

இப்போது என் பெண் ஆலாபனையின் ஒரே பிடியை நிறுத்தி நிறுத்திப் பத்துத் தடவை கேட்கிறாள். பாட்டி அடுக்களையிலிருந்தே, “அந்த இடந்தான், மறுபடி போடு” என்கிறார். டிஸ்க்கும் ஒரு நாள் பாக்ஸைப் போலப் போகக்கூடியதுதான் என்பதால் எல்லாவற்றுக்கும் இன்னொரு நகல் உண்டு. அது திருச்சியில் தம்பி வீட்டு பீரோவில் இருக்கிறது.