வீட்டில் நிறைவான இசை

இசைப்பெட்டி வாங்கி வீட்டில் வைத்திருப்போர் பலர், பாட்டுக் கேட்கிறது, ஆனால் நிறைவாக இல்லை என்று குறைப்படுவதுண்டு. குரலும் வயலினும் தெளிவாக வரும். மிருதங்கத்தின் தொப்பி மட்டும் அட்டைப்பெட்டியைத் தட்டினாற்போல் ஒலிக்கும். உடனே அவர்கள் நாடுவது, கூடுதல் 'வாட்' கொண்ட ஆம்ப்ளிபயரை. பணம் வீணாவது இங்கேதான்.

வாட் என்பது மின்னாற்றலின் அளவேயன்றி ஒலியின் அளவன்று. 20 வாட்டை 40 ஆக்கினால் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடும். செவிக்கு இருமடங்காகத் தோன்றவேண்டுமாயின் ஏறத்தாழப் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். பெட்டியின்மேல் 'பி.எம்.பி.ஓ.' என ஆயிரக்கணக்கில் அச்சிடப்பெறும் எண்ணைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை, 'ஆர்.எம்.எஸ்.' அளவு யாது என்று வினவுக. பள்ளிக்கூட மணியை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் அது தவிலாகிவிடாதன்றோ?

நிறைவைத் தருவது ஸ்பீக்கர் எனப்படும் ஒலிபெருக்கியே. அதன் கூம்புத்தாள் முன்னே தள்ளும் காற்றும் பின்னே இழுக்கும் காற்றும் ஒன்றோடொன்று கலந்தால் கீழ்ச்சுருதி ஒலிகள் அழிந்துவிடும். இதனை நம் சேலம், நாமக்கல் வட்டாரத்தில் ஏட்டுப் படிப்பின்றியே கண்டுகொண்டார்கள். ஒரு காலத்தில் தேநீர்க் கடைகளிலும் வீடுகளிலும் மண்பானையின் வாயில் ஒலிபெருக்கியைப் பொருத்திப் பாட்டு வைத்தது பலர்க்கும் நினைவிருக்கும். பானை, முன்னலையும் பின்னலையும் கலவாமல் தடுத்தது. ஒலி திரண்டு வந்தது. ஆயினும் பானைக்கென ஒரு சுருதி உண்டு. எந்தப் பாட்டாயினும் அந்த ஒரு சுருதியே மேலோங்கி 'கும்' என்று ஒலிக்கும். கனமான பலகையில், அளவறிந்து செய்த பெட்டி இக்குறையைப் பெரிதும் நீக்குகிறது. ஆகவே பெட்டியை விரலால் தட்டிப் பாருங்கள். அதிர்ந்து ஒலித்தால் வேறொன்றைப் பார்ப்பது நலம்.

மற்றொன்று, ஒலிபெருக்கியின் உணர்திறன். ஒரு வாட்டுக்கு 90 டெசிபல் தருவது, 84 டெசிபல் தருவதன் ஒலியளவை நான்கில் ஒரு பங்கு ஆற்றலிலேயே எட்டிவிடும். கூம்பின் அகலமும் கருதத்தக்கது. 3 அங்குலக் கூம்பு தவிலின் அடியொலிக்குப் போதிய காற்றை அசைக்கமாட்டாது. ஆறரை அல்லது 8 அங்குலமாயின் நன்று. ஒலிபெருக்கியின் ஓம் அளவு, ஆம்ப்ளிபயர் தாங்கும் அளவிற்குக் குறையலாகாது. கடைக்காரர் போட்டுக் காட்டும் இசைத்தட்டை நம்பாமல், தாம் நன்கறிந்த பாட்டொன்றைக் கொண்டுபோய்க் கேட்டல் வேண்டும்.

இனி, அறை. கான்கிரீட் கூரையும் வெற்றுத் தரையும் உள்ள அறையில் கைதட்டினால் எதிரொலி படபடக்கும். குமாரபாளையத்திற்கு எதிர்க்கரையிலுள்ள பவானியின் ஜமக்காளமொன்றை விரித்தால் மேற்சுருதியின் கூச்சல் தணியும். கீழ்ச்சுருதிக்கு அது போதாது. இலவம்பஞ்சு மெத்தையும் நிறைந்த புத்தக அலமாரியும் ஓரளவு உதவும். ஒலிபெருக்கிகளை மூலையில் ஒடுக்கினால் அடியொலி குழம்பும். சுவரிலிருந்து ஓரிரு அடி தள்ளி, கேட்பவரும் இரு பெட்டிகளும் சமபக்க முக்கோணமாக அமையுமாறு வைக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தபின்னும் அடியொலி மெலிந்தே இருந்தால், புதிதாக எதையும் வாங்குமுன் கம்பிகளைப் பாருங்கள். ஒரு பெட்டியில் மட்டும் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தால், ஒரு கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். மாற்றிப் பொருத்த ஐந்து நிமிடம் போதும்.