சமுதாய மனமும் உளநூலாராய்ச்சியும்

மனிதன் கூடி வாழும் இயல்பினன். மொழி, ஒழுக்கம், அன்பு, பகை என்பன யாவும் பிறரோடு கூடியவழித் தோன்றுவனவே. ஆதலின், அவனைத் தனியே பிரித்து வைத்து அவன் உள்ளத்தை முற்றும் அறிதல் அரிது. இதனை உளநூலாரும் மூளை நரம்பியலாரும் ஆய்வு வாயிலாக விளக்க முற்பட்டுள்ளனர்.

2003ஆம் ஆண்டில் நயோமி ஐசன்பேகரும் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கணினித் திரையில் மூவர் பந்தெறிந்து விளையாடுவர். இடைநடுவில் ஒருவருக்குப் பந்து வராது நின்றுவிடும். அவ்வாறு விலக்கப்பட்டவரிடத்து, உடல் நோவின் துன்பத்தோடு தொடர்புடைய மூளைப்பகுதியொன்று கிளர்ச்சியுற்றமை காணப்பட்டது. அப்பகுதி வேறு பல செயல்களிலும் கிளர்ச்சியுறுவதாதலின், இம்முடிவின் பொருள் குறித்து அறிஞர் கருத்து வேறுபடுவர்.

ஒருவர் விலக்கப்படின் நேரும் துன்பம் இதுவாயின், ஒரு சமுதாயமே சிதையின் யாது நிகழும்? இவ்வினாவை எடுத்துக்கொண்டவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராய் விளங்கிய தயா சோமசுந்தரம் ஆவர். போரினால் தமிழர் உள்ளத்தில் ஏற்பட்ட வடுக்களை விளக்கும் அவரது ஆங்கில நூல் 1998இல் வெளிவந்தது. 2007இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில், தனி மனிதரைக் கடந்து குடும்பத்தையும் சமுதாயத்தையும் அவர் நோக்கினார். அவர்தம் ஆய்வுகூடம் மக்கள் வாழ்ந்த இடமே. நேரிற் கண்டும், நிவாரணப் பணியாளரொடும் அலுவலரொடும் உரையாடியும் செய்திகளைத் திரட்டினார்.

2004ஆம் ஆண்டுக் கடற்கோளினும் நெடும்போரே சமுதாயத்தை ஆழமாக மாற்றியது என்பது அவர் கண்ட முடிபு. கடற்கோள் ஒருநாள் வந்து மீண்டது; போரோ பல்லாண்டு நின்றது. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தபோது, அயலும் உறவும் கோயிலும் பள்ளியும் ஒருங்கே கலைந்தன. மக்களிடையே ஐயமும் மௌனமும் பிறரைச் சார்ந்து நிற்கும் இயல்பும் மிகுந்தமையை அவர் எடுத்துக்காட்டினார்.

உற்றார் கூடியழும் செத்தவீடும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் துயரைப் பலர்க்கும் பங்கிட்டுக் கொடுப்பன. காணாமற் போனோரின் வீட்டாருக்கோ அவ்வாறுதலும் வாய்க்கவில்லை. இறந்தார் என்று துணிந்து அழவும் இயலாது. வருவார் என்று நம்பி இருக்கவும் இயலாது.

எனவே, நோயுற்றவர்க்கு மருந்தளித்தல் மட்டும் போதாது. அவரைச் சூழ்ந்த உறவும் அயலும் மீளக் கட்டப்படல் வேண்டும். அப்பணி மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று. வகுப்பில் வாய்திறவாது ஒதுங்கியிருக்கும் மாணவனை அழைத்துப் பேசும் ஆசிரியர்க்கும் அதிற் பங்குண்டு.