இடிந்தது மீண்டும் எழுந்தது

ஜெர்மனி நாட்டில், எல்பே ஆற்றங்கரையில் அமைந்தது டிரெஸ்டன் மாநகர். அங்கே சுவிங்கர் மாளிகையின் ஓவியக்கூடத்தில் இத்தாலிய ஓவியர் ரஃபேல் தீட்டிய மாதாவைக் காணலாம். தெருவோரச் சுவரொன்றில், ஏறத்தாழ 23,000 பீங்கான் ஓடுகளாலான அரசர் ஊர்வலச் சித்திரம் 102 மீட்டர் நீளத்திற்கு விரிந்துள்ளது.

எனினும், நம் நெஞ்சை உருக்குவது மாதா தேவாலயமே. 1743இல் கட்டி முடிக்கப்பெற்ற அக்கோயில், 1945 பிப்ரவரியில் பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் பொழிந்த குண்டுகளால் நகரமே தீப்பற்றியபோது இடிந்து வீழ்ந்தது. அரை நூற்றாண்டளவு கற்குவியலாய்க் கிடந்தது. 1994இல் தொடங்கிய திருப்பணி 2005இல் நிறைவெய்தியது. இடிபாட்டிலிருந்து எடுத்த கரிய பழங்கற்களையும் புதிய வெளிர்நிறக் கற்களோடு சேர்த்தே கட்டினர். உச்சியில் ஒளிரும் சிலுவையைச் செய்தளித்தவர் யார்? அந்நகர்மீது குண்டு வீசச் சென்ற பிரிட்டிஷ் விமானி ஒருவரின் மகனே!

அழித்தவர் வழிவந்தோரும் ஆக்கத் துணைநின்றால் பகை மறையும் என்பதை நாம் உணர்வோமாக.