சர்க்கரைப் போர்வையும் புற்றுநோயும்

சென்னையினின்று பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையையும் ஸ்ரீபெரும்புதூரையும் கடப்போர், இருமருங்கும் தொழிற்சாலைகள் நிரைநிரையாய் நிற்றலைக் காண்பர். ஒரகடத்திலும் அங்ஙனமே. ஒவ்வொரு வாயிலிலும் காவலர் நின்று, உட்செல்வோரின் அடையாள அட்டையை நோக்குகின்றனர். அட்டை உடையாரை விடுகின்றனர், இல்லாரைத் தடுக்கின்றனர். நம் உடம்பினுள்ளும் இத்தகைய காவல் ஒன்று இடையறாது நடைபெறுகின்றது. அக்காவலைப் புற்றுநோய் எவ்வாறு ஏமாற்றுகின்றது என்பதை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

நம் உயிரணு ஒவ்வொன்றும் மெல்லியதொரு சர்க்கரைப் போர்வையால் மூடப்பெற்றுள்ளது. சர்க்கரை என்றவுடன் நாம் உண்ணும் கரும்புச் சர்க்கரையை எண்ணுதல் வேண்டா. பலவகைச் சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலிபோற் கோவைப்பட்டு, அணுவின் புறத்தேயுள்ள புரதங்களிலும் கொழுப்புக்களிலும் கிளைகிளையாய்ப் பொருந்தியிருக்கின்றன. அச்சங்கிலிகள் பலவற்றின் நுனியில் அமர்ந்திருப்பது சயாலிக் அமிலம் என்பது. சுவீடன் நாட்டறிஞர் கன்னர் பிளிக்ஸ் என்பார் இதனை 1936-ஆம் ஆண்டில் மாட்டின் உமிழ்நீர்ச் சுரப்பியினின்று பிரித்தெடுத்தார். உமிழ்நீரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே பின்னர் இதன் பெயருக்கு வேராயிற்று.

இனிக் காவலரைக் காண்போம். குருதியில் உலவும் வெள்ளணுக்களுள் இயற்கைக் கொல்லி அணுக்கள் என ஒரு வகுப்பு உண்டு. இவை கெட்ட அணுவைக் கண்டால் அதனை நெருங்கி, அதன் சுவரைத் துளைக்கும் புரதத்தையும், உட்புகுந்து அழிக்கும் நொதிகளையும் அதன்மேற் சொரிகின்றன. ஆயினும், எதிர்ப்பட்டதை எல்லாம் கொன்றால் உடம்பு நிலைக்குமோ? ஆதலின், ‘கொல்’ என்னும் குறிப்பும் ‘விடு’ என்னும் குறிப்பும் இவற்றிற்கு ஒருங்கே வருகின்றன. எது மிகுகின்றதோ அதன்வழி இவை நடக்கின்றன. ‘விடு’ என்னும் குறிப்பைத் தருவனவற்றுள் ஒன்று சிக்லெக்-7 என்னும் புரதம். காவலணுவின் மேலுள்ள இப்புரதம் எதிரணுவின் சயாலிக் அமிலத்தைப் பற்றியவுடன், ‘இவர் நம்மவர்’ என்னும் செய்தி உள்ளே செல்கின்றது. கொல்லும் வேகம் தணிகின்றது.

புற்றணுவின் சூழ்ச்சி இவ்விடத்தேதான் உள்ளது. அது வெளியினின்று வந்த பகையன்று. நம் அணுவினின்றே பிறழ்ந்து தோன்றியது. பெரும்பாலும் அது நல்லணுவினும் மிகுதியாகச் சயாலிக் அமிலத்தைப் போர்த்துக்கொள்கின்றது. ஓர் அட்டைக்குப் பதில் பத்து அட்டைகளை அணிந்து வருவானைக் காவலர் வணங்கி விடுதல் போல, கொல்லி அணுவும் அதனை விட்டு விலகுகின்றது. அமெரிக்காவில் கரோலின் பெர்டோசி அம்மையாரின் குழுவினர் புற்றணுக்களின்மேல் இச்சர்க்கரையைச் செயற்கையாகப் பூசிக் காட்டினர். பூசப்பெற்றவை கொல்லி அணுக்களினின்று தப்பின என 2014-இல் வெளியிட்டனர். காவலர் வலியிழந்தாரல்லர், ஏமாற்றப்பட்டார் என்பது இதனால் விளங்கும்.

இவ்வாராய்ச்சிக்கும் நம் நாட்டிற்கும் தொடர்பில்லை என்று எண்ணற்க. முற்கூறிய நெடுஞ்சாலையிலேயே மேற்கே சென்றால் வேலூரை அடைவோம். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் டாக்டர் அஜித் வர்க்கி. பின்னர் அமெரிக்கா சென்று, சயாலிக் அமில ஆராய்ச்சியில் தலைசிறந்து விளங்குபவர். 1998-இல் ‘சிக்லெக்’ என்னும் பெயரை வகுத்த அறிஞர் குழுவில் இவரும் ஒருவர். மறு ஆண்டு வெளிவந்த உயிரணுச் சர்க்கரைகளைப் பற்றிய பாடநூலின் பதிப்பாசிரியருள்ளும் இவர் முதன்மையானவர்.

அங்ஙனமாயின், சயாலிக் அமிலம் முழுவதையும் உரித்தெறிதல் கூடாதோ எனின், கூடாது. அது நல்லணுக்களுக்கும் காப்பாகும். எங்கும் உரித்தால் காவலர் குடிகளையே தாக்கக்கூடும். ஆகவே, புற்றணுவில் மட்டும் உரிக்கும் வழி வேண்டும். மார்பகப் புற்றுநோயிற் சிலவகைக்குத் தரப்பெறும் டிராஸ்டுசுமாப் என்னும் எதிர்ப்பொருள், அப்புற்றணுவை நாடிச் சென்று பற்றும் இயல்பினது. அதனோடு சயாலிக் அமிலத்தை வெட்டும் சயாலிடேஸ் என்னும் நொதியைப் பிணைத்தனர் பெர்டோசி குழுவினர். ஆய்வுக்கூடத்தில் கொல்லி அணுக்கள் அப்புற்றணுக்களை முன்னினும் மிகுதியாக அழித்தன என 2016-இலும், இவ்வகைப் பிணைப்பினால் சுண்டெலிகளிற் கட்டியின் வளர்ச்சி தாழ்ந்தது என 2020-இலும் அறிவித்தனர். மனிதரிடத்துச் சயாலிடேஸ் சோதனைகளும் தொடங்கியுள்ளன. ஆயினும், இஃது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை.

ஒன்று இங்கே வற்புறுத்தற்குரியது. இப்போர்வையை அணு தானே நெய்துகொள்கின்றது. ஆதலின், இனிப்பை விலக்கினால் இப்போர்வை கழன்று புற்று மாயும் என்று நம்பி மருத்துவத்தைத் தாழ்த்துதல் பெருந்தீங்காகும். ஆறாத வாய்ப்புண்ணோ, மார்பிற் புதிய கட்டியோ, காலமல்லாக் காலத்து உதிரப்போக்கோ காணின், தொழிற்சாலையில் ஒருநாட் கூலி போயினும் போகுக என்று மருத்துவரிடம் செல்லுதலே அறிவுடைமை. அச்சாலையிலேயே, காஞ்சிபுரத்தையடுத்த காரப்பேட்டையில், 1969-இல் புற்றுநோயால் மறைந்த அறிஞர் அண்ணாவின் பெயரால் அரசினர் புற்றுநோய் மருத்துவமனை ஒன்று இருக்கின்றது.

மரபணுவும் புரதமும் பெற்ற கவனத்தை உயிரணுச் சர்க்கரை நெடுங்காலம் பெற்றிலது. இதன் சங்கிலிகளைப் படித்தறிதல் கடினமானதே அதற்கு ஒரு காரணம். நம் கல்லூரியில் வேதியியலும் உயிரியலும் பயிலும் மாணவர், கடினம் என்று பிறர் ஒதுக்கிய இத்துறையைக் கைக்கொள்வாராக. வேலூரில் தொடங்கிய கல்வி ஒருவரை இத்துணைத் தூரம் கொண்டு சென்றதெனின், இங்குத் தொடங்குவதும் செல்லும் என்று நாம் நம்புகின்றோம்.