இரு பழைய கமராக்கள்

2005இல் வெளிவந்த கனன் 5டி, 2007இல் வெளிவந்த நிக்கொன் டி300 ஆகிய டிஜிற்றல் கமராக்கள், சிறுபொருள் கொண்டு நிழற்படக் கலையிற் புகும் மாணவர்க்கு இன்றும் உதவுவன. இரண்டும் 120 இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட படப்புள்ளிகளையே தருதலின், தெரிவுக்கு அவ்வெண் வழிகாட்டாது.

கனனின் ஒளியுணரி 35 மி.மீ. படச்சுருளின் சட்டத்தளவினது. ஆதலின் அகன்ற வில்லை தன் முழுக் காட்சியையும் தரும். முகத்தைத் துலக்கிப் பின்புலத்தை மங்கச் செய்தலும் எளிது. ஆயின், அது விநாடிக்கு 3 படங்களே எடுக்கும்.

நிக்கொனோ 6 படங்கள் எடுக்கும். 51 குவியப் புள்ளிகளால் பறவையின் பறப்பைப் பின்தொடரும். அதன் சிறிய உணரியில் 300 மி.மீ. வில்லை, 450 மி.மீ. வில்லையின் நோக்குக் கோணத்தைத் தரும்.

நிலக்காட்சியும் உருவப்படமும் விழைவோர் முன்னதைக் கொள்க. ஆடுகளமும் பறவையும் நாடுவோர் பின்னதைக் கொள்க.